‘தி ஃபர்ஸ்ட் ஃப்ராஸ்ட்’: பார்த்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

தெரிந்தவர்கள் எல்லோரையும் இந்தச் சீனத் தொடரைப் பார்க்கச் சொன்னது நான்தான். அதனால் சந்தேகங்களும் என்னிடமே வந்தன. சிலர் முதல் எபிசோட் முடிந்த கையோடு போன் செய்தார்கள். சிலர் பாதியில் நிறுத்திவிட்டு, “இதுக்கு மேல முடியல” என்றார்கள். ஒரே கேள்விக்கு ஏழெட்டுப் பேருக்குத் தனித்தனியாகப் பதில் சொன்ன பிறகு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கதையின் முக்கியமான இடங்கள் பதில்களில் வெளிப்பட்டுவிடும். சொந்தக்காரர் வீட்டில் நடக்கும் பாலியல் தொல்லை பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. தெரிந்துகொண்டு படியுங்கள்.

இது என்ன தொடர்? கதை என்ன, சுருக்கமா சொல்லுங்க.

2025 பிப்ரவரி 18 அன்று வெளியானது. சீனாவில் யோகூ தளத்திலும், வெளியே நெட்ஃப்ளிக்ஸிலும் வந்தது. மொத்தம் 32 எபிசோட். நாயகன் சாங் யானாக பாய் ஜிங்திங், நாயகி வென் யீஃபானாக சாங் ருவோநான். ஜூ யீ என்ற பெயரில் எழுதுபவரின் இணைய நாவல்தான் மூலம்.

பள்ளியில் ஒரே வகுப்பில் படித்த இருவர். அவனுக்கு அவளைப் பிடிக்கும், அவளுக்கும் அவனைப் பிடிக்கும், இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். கடைசி நேரத்தில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஊருக்குப் போய்விடுகிறாள். வருஷங்கள் கழித்து அவள் டிவி நிருபர், அவன் ஒரு மதுக்கூடத்தின் பங்குதாரர். மறுபடி சந்திக்கிறார்கள், ஒரே வாடகை வீட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டி வருகிறது. அவளுக்குத் தூக்கத்தில் எழுந்து நடக்கும் பழக்கம் இருப்பது அப்போதுதான் வெளியே வருகிறது.

காலேஜ் காதல் கதைன்னு சொன்னீங்க. ரெண்டு பேரும் வேலைக்குல்ல போறாங்க?

சரிதான், முழுக்கக் கல்லூரி வளாகத்திலேயே நடக்கும் கதை அல்ல. பள்ளி, கல்லூரி, வேலை என்று மூன்று வயதும் மாறி மாறி வரும். ஆனால் கதையின் முடிச்சு கல்லூரியில்தான் இருக்கிறது. அவர்கள் சேர்ந்து படிக்காமல் போன அந்த நான்கு வருஷங்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அதனால் நான் இதைக் கல்லூரிக் கதை என்றே சொல்வேன்.

இன்னொன்று: பள்ளிக் காட்சிகளில் இருவரும் ‘காதல்’ என்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். பள்ளி வயதுக் காதலைத் திரையில் காட்டுவதைச் சீன ஒளிபரப்பு விதிகள் அனுமதிப்பதில்லை. அதனால் அங்கே இயக்குநர்கள் எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகம், மழை, பஸ் நிறுத்தம் என்று சுற்றிவளைத்துத்தான் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தச் சுற்றிவளைப்பு பிடித்திருந்தது.

‘ஹிடன் லவ்’ பார்க்காம இதைப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். 2023இல் வந்த ‘ஹிடன் லவ்’ இதே எழுத்தாளரின் இன்னொரு நாவல். அதன் நாயகி சாங் ஜீ, இந்த சாங் யானின் தங்கை. அதில் அண்ணனாக நடித்தவர் வேறு, இதில் நடித்தவர் வேறு. அதனால் முகம் மாறியதே என்று குழம்ப வேண்டாம். அது லேசான கதை, இது கனமானது. இதைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? பனிக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

சீனர்கள் சூரியனின் நகர்வை வைத்து வருஷத்தை 24 பருவங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் 18ஆவது ‘ஷுவாங்ஜியாங்’, அதாவது உறைபனி இறங்கும் நாள். அக்டோபர் 23 வாக்கில் வரும். வென் யீஃபான் அந்த நாளில் பிறந்தவள், அதுவே அவளுடைய செல்லப் பெயர். வெளிநாட்டுத் தலைப்பு அதிலிருந்து வந்தது.

சீனத் தலைப்பு வேறு: ‘நான் ஹோங்’. ‘நான்’ என்றால் கஷ்டமான. ‘ஹோங்’ என்ற வினைச்சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் கிடைக்கவில்லை. அழும் குழந்தையைத் தட்டித் தூங்க வைப்பதும் ‘ஹோங்’, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைத் தாஜா செய்வதும் ‘ஹோங்’. மேலோட்டமாகப் பார்த்தால் தலைப்பு நாயகனைத்தான் சொல்கிறது. அவ்வளவு லேசில் சமாதானம் ஆகாத ஆள் அவன். நம் இலக்கியத்தில் பெரும்பாலும் ஊடுவது தலைவி, இங்கே தலைவன். ஆனால் கதை போகப் போக, நிம்மதியாகத் தூங்க முடியாதவள் அவள் என்று தெரியும்போது அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம் மேலே வருகிறது. இது தெரிந்த பிறகு முதல் எபிசோடைத் திரும்பப் பார்த்தேன், வேறு தொடர் போல இருந்தது.

ஒரு அப்ளிகேஷனை மாத்தினதுக்கா ஆறேழு வருஷம் பேசாம இருந்தாங்க?

அந்த அப்ளிகேஷன் அங்கே சின்ன விஷயம் இல்லை. ‘காவ்காவ்’ எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஒவ்வொரு ஜூன் 7ஆம் தேதியும் தொடங்கும். 2024இல் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள். மதிப்பெண் வந்ததும் எந்தப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று வரிசைப்படுத்திப் பட்டியல் கொடுக்க வேண்டும். இடம் கிடைத்துவிட்டால் பிறகு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அதனால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை மாற்றுவது என்றால் நான்கு வருஷத்தை மாற்றுவது. அவன் அவளை நம்பித் தன் பட்டியலை எழுதியிருந்தான். அவளோ, அதே ஊரில் இருந்தால் தான் உயிரோடு இருக்க முடியாது என்கிற நிலையில் இருந்தாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

அவளுக்கு என்னதான் ஆச்சு?

அப்பா நோயில் இறந்துவிடுகிறார். அம்மா மறுமணம் செய்துகொள்கிறாள். புது வீட்டில் இவளுக்கு இடம் ஒத்துவராமல் போக, பெரியப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாள். அங்கே பெரியம்மாவின் தம்பி வந்து தங்குகிறான். அவனுடைய பார்வை, பேச்சு, கதவருகே நிற்பது என்று ஆரம்பித்து ஒரு நாள் அத்துமீறும் முயற்சி வரை போகிறது.

தொடர் இதைப் பரபரப்புக்காகக் காட்டவில்லை. பெண்ணின் முகத்தையும் கதவையும்தான் காட்டுகிறது. அந்தக் கண்ணியத்துக்காகவே இயக்குநருக்கு நன்றி சொல்வேன்.

அப்படி நடந்தா யார்கிட்டயாவது சொல்ல வேண்டியதுதானே? ஏன் வாயே திறக்கல?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதுதான். அவள் சொல்லாமல் இல்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பெரியம்மாவுக்குத் தம்பி முக்கியம். அம்மாவுக்குப் புதுக் குடும்பத்தின் நிம்மதி முக்கியம். ஒருமுறை சொல்லி ‘நீயா கற்பனை பண்ணிக்காதே’ என்ற பதிலைக் கேட்ட பிள்ளை இரண்டாம் முறை சொல்லாது. நல்லவனான சாங் யானிடம்கூட அவள் சொல்லாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவனும் நம்பாமல் போய்விட்டால் பிறகு ஒருவருமே மிச்சம் இல்லை.

என் சித்தி மகள் இந்தத் தொடரைப் பெரியம்மா வீட்டுக் காட்சிகளோடு நிறுத்திவிட்டாள். தொல்லை கொடுப்பவன் வரும் காட்சியால் அல்ல. சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் அவனுக்குப் பரிமாறிக்கொண்டு சாதாரணமாகப் பேசுவதைப் பார்க்க முடியவில்லை என்றாள். நானும் அதே இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். என்னைப் பொறுத்தவரை தொடரின் மையம் காதல் அல்ல, நம்பப்படுவது. வென் யீஃபானின் காயத்தில் பாதி அவன் செய்தது, மீதிப் பாதி ‘அவன் அப்படிப்பட்டவன் இல்லை’ என்று சொன்னவர்கள் செய்தது.

அவளுக்கு இருக்கறது டிப்ரஷனா, இல்ல பி.டி.எஸ்.டி.யா?

திரையில் இருக்கும் ஒருவருக்கு நாம் சீட்டு எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் தொடர் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் மன அதிர்ச்சிக்குப் பிந்தைய நிலையை (பி.டி.எஸ்.டி.) சேர்ந்தவை: நடந்ததை நினைவூட்டும் இடத்தையும் ஆட்களையும் தவிர்ப்பது, சத்தம் கேட்டால் உடல் விறைப்பது, தூக்கம் கெடுவது, ‘தப்பு என் மேல்தான்’ என்ற எண்ணம். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரை வைப்பார்கள்.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. அவளுக்குக் கோபமே வராது. யார் என்ன சொன்னாலும் ‘பரவாயில்லை’ என்பாள், தன் பக்கம் தப்பு இல்லாதபோதும் மன்னிப்புக் கேட்பாள். பலர் இதைப் பார்த்து ‘எவ்வளவு அமைதியான பொண்ணு’ என்றார்கள். ஒண்டியிருக்கும் வீட்டில் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தால்தான் சாப்பாடு என்று கற்றுக்கொண்ட பிள்ளையின் அமைதி அது.

தூக்கத்துல நடக்கறது நிஜமாவே இப்படித்தான் இருக்குமா?

பாதி நிஜம். தூக்க நடை ஆழ்ந்த உறக்கத்தில், பெரும்பாலும் இரவின் முதல் மூன்றில் ஒரு பகுதியில் வரும். கண் திறந்திருக்கும், கதவைத் திறப்பார்கள், நாற்காலியில் உட்காருவார்கள், காலையில் எதுவும் நினைவிருக்காது. குழந்தைகளிடம் அதிகம், நூறு பெரியவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு உண்டு. தூக்கம் போதாமை, மன அழுத்தம், மது, சில தூக்க மாத்திரைகள் இதைக் கிளப்பிவிடும். குடும்ப வழியாகவும் வரும். அதனால் தூக்கத்தில் நடப்பவர் எல்லோருக்கும் பழைய காயம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

நேராக நாயகனின் கட்டிலுக்குப் போய்ப் படுத்துக்கொள்வது கதைக்காக எடுத்துக்கொண்ட சுதந்திரம். நடக்கும் ஆள் பழகிய வழியில் போவது உண்டு என்றாலும், தூக்கம் யாரையும் இவ்வளவு அழகாக வழிநடத்தாது. நிஜத்தில் அது மாடிப்படியில் விழுவதாகவோ அடுப்பைப் பற்றவைப்பதாகவோ முடியலாம்.

அவங்களை எழுப்பினா ஆபத்தாமே?

ஆபத்து இல்லை, ஆனால் திடுக்கிட்டுக் குழம்புவார்கள், சிலர் தள்ளிவிடுவார்கள். மெதுவாகப் பேசி, தோளைப் பிடித்துத் திரும்பக் கட்டிலுக்குக் கூட்டிப்போனால் போதும். வாசல் கதவுக்குத் தாழ், ஜன்னலுக்குக் கொக்கி, தரையில் தடுக்கும் பொருட்களை எடுத்துவிடுவது. இவ்வளவுதான் வீட்டு ஏற்பாடு. அடிக்கடி வந்தாலோ, பெரியவரான பிறகு புதிதாக ஆரம்பித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சீனாவுல இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போவாங்களா?

நாடு முழுவதும் எடுத்த ஒரு ஆய்வின் முடிவுகள் 2021இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் வந்தன. சீனப் பெரியவர்களில் 6.8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய் வந்திருக்கிறது. கடந்த ஓராண்டில் அந்த நோய் இருந்தவர்களில் ஏதோ ஒரு உதவியை நாடியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சரியான, போதுமான சிகிச்சை கிடைத்தவர்கள் 0.5 சதவீதம்தான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1980இல் சீனாவின் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 100 நோயாளிகளைப் பரிசோதித்தார். அவர்கள் எல்லோருக்கும் அங்கே எழுதப்பட்டிருந்த நோய் ‘ஷென்ஜிங் ஷுவாய்ருவோ’. தலைவலி, அசதி, தூக்கமின்மை. அவருடைய கணக்கில் அவர்களில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு. அந்தச் சீனச் சொல்லை அப்படியே தமிழாக்கினால் ‘நரம்புத் தளர்ச்சி’. நம் ஊர்ச் சுவரொட்டிகளில் பார்த்த அதே சொல்! மனசு என்று சொன்னால் வெட்கம், நரம்பு என்று சொன்னால் மரியாதை. அங்கும் இங்கும் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இப்போது நிலைமை மாறிவருகிறது. மனநலச் சட்டம் 2013 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஆலோசகர்கள் நோயைக் கண்டறியவோ மருத்துவ ரீதியான உளசிகிச்சை தரவோ கூடாது, நோய் என்று சந்தேகம் வந்தால் மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும். சீனத் தொடர்களில் ஆலோசகர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ‘ஆஸ்பத்திரிக்குப் போ’ என்பதைப் பார்த்து அக்கறையில்லாதவர் என்று நினைக்க வேண்டாம். 2025இல் நாடு முழுமைக்கும் 12356 என்ற ஒரே உதவி எண் வந்தது.

அங்க காலேஜ்ல ஸ்டூடன்ட்ஸுக்கு கவுன்சலிங் உண்டா?

உண்டு. ஒவ்வொரு 200 மாணவருக்கும் ஒரு ‘ஃபுதாவ்யுவான்’ இருக்க வேண்டும் என்பது கல்வி அமைச்சக விதி. வகுப்பாசிரியர், விடுதிக் காப்பாளர், கட்சி வேலை எல்லாம் சேர்ந்த பதவி அது. தனியாக 4,000 மாணவருக்கு ஒரு உளநல ஆசிரியர் வேண்டும். ஒரு கல்லூரியில் குறைந்தது இருவர். முதலாண்டு சேர்ந்ததும் மனநலக் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும்.

மே 25 அவர்களுக்கு மாணவர் மனநல நாள். 5, 2, 5 என்று சீனத்தில் சொன்னால் ‘வோ ஆய் வோ’ மாதிரி ஒலிக்கும். ‘என்னை நான் நேசிக்கிறேன்’ என்று அர்த்தம். ஆனால் உளநல ஆசிரியரின் அறைக்குள் போவதை அறைத்தோழிகள் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இந்த விதிகளால் போய்விடாது. நான்கு முதல் எட்டுப் பேர் ஓர் அறையில் தங்கும் விடுதியில் எதை மறைக்க முடியும்?

‘ஹீலிங் டிராமா’ன்னு இதைச் சொல்றாங்களே, அது என்ன வகை?

சீனத்தில் ‘ஜியூ’ வகை என்பார்கள். காயத்தை ஆற்றுவது என்று பொருள். ஜப்பானின் ‘இயாஷி’ என்ற போக்கிலிருந்து வந்தது. 1995இல் கோபே நிலநடுக்கமும் டோக்கியோ சுரங்க ரயில் விஷவாயுத் தாக்குதலும் நடந்த பிறகு ஜப்பானில் அந்தச் சொல் பரவலானது. மெதுவான இசை, சமையல், மழை, பூனை, யாரும் கத்தாத வீடு. இந்தத் தொடரிலும் அதெல்லாம் உண்டு. ஆனால் சில தொடர்கள் காயத்தைக் காட்டாமல் மருந்தை மட்டும் காட்டும். இது இரண்டையும் காட்டுகிறது.

அவளுக்குத் தெரியாம அவ படிக்கற ஊருக்கு அவன் போய் வந்தது ஸ்டாக்கிங் இல்லையா?

நல்ல கேள்வி. இதைக் கேட்கத் தவறியவர்கள்மீதுதான் எனக்கு வருத்தம். கல்லூரி வருஷங்களில் அவன் பலமுறை அந்த ஊருக்குப் போகிறான், தூரத்திலிருந்து பார்க்கிறான், பேசாமல் திரும்புகிறான். தொடர் இதைப் பெரும் தியாகமாகக் காட்டுகிறது. வேண்டாம் என்று சொன்ன பெண்ணைத் துரத்துவதையே காதல் என்று காட்டிய படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் இந்த இடத்தில் உஷாராக இருப்பது சரி.

அவன் அவளைத் தொந்தரவு செய்யவில்லை, மிரட்டவில்லை, பதில் கேட்கவில்லை. அது பெரிய வித்தியாசம். ஆனாலும் ஒருவனின் பார்வைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய பெண், தனக்குத் தெரியாமல் இன்னொருவன் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அறிந்தால் முதலில் பயப்படத்தான் செய்வாள். தொடர் அந்தப் பயத்துக்கு இடமே கொடுக்காமல் நேராகக் கண்ணீருக்குப் போய்விடுகிறது. இந்தத் தொடரில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் இது.

அப்போ நல்ல பையன் ஒருத்தன் கிடைச்சா எல்லாம் சரியாயிடுமா?

ஆகாது. மன அதிர்ச்சிக்கென்றே உருவான பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. காதலன் அந்த வேலையைச் செய்ய முடியாது, செய்ய வைத்தால் அவனும் உடைந்துபோவான்.

சாங் யான் செய்வது வேறு. அவள் ஒரு விஷயத்தைப் பாதியில் நிறுத்தினால் மீதியைக் கேட்டு நச்சரிக்க மாட்டான். சொன்ன அன்று ‘ஏன் இவ்வளவு நாள் சொல்லல’ என்று கேள்வி கேட்டு அவளைக் கூண்டில் ஏற்ற மாட்டான். நம்புவான். நம்பாதவர்கள் செய்தது என்று மேலே சொன்னேனே, அந்தப் பாதிக் காயத்துக்கு இது மருந்துதான். இன்னொரு பாதிக்கு நிபுணர் வேண்டும், சட்டமும் வேண்டும்.

எனக்கும் சின்ன வயசுல இப்படி ஒண்ணு நடந்திருக்கு. இதைப் பார்க்கலாமா?

இதைக் கேட்டவர் ஒருவர் மட்டும் இல்லை. பார்த்தே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. பார்க்க நினைத்தால் ராத்திரி தனியாக வேண்டாம். பகலில், நம்பிக்கையானவர் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். பெரியம்மா வீட்டுக் காட்சிகளை ஓட்டிவிட்டாலும் கதை புரியும். உடம்பு நடுங்கினால், மூச்சு முட்டினால் நிறுத்திவிடுங்கள்.

யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. பாதிக்கப்பட்டது குழந்தை என்றால் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929.

தங்கச்சி இப்படி ஒண்ணு என்கிட்ட சொன்னா நான் என்ன சொல்லணும்?

முதலில் எதுவும் கேட்காதீர்கள். ‘நான் உன்னை நம்பறேன். உன் மேல தப்பு இல்லை. சொன்னது நல்லது’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். ‘நிஜமாவா?’, ‘அவரா?’, ‘அன்னிக்கு ஏன் அங்க போனே?’ ஆகிய மூன்றையும் தவிருங்கள், ஆச்சரியத்தில் வாய் தவறிக்கூட வேண்டாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள். அவள் பதினெட்டு வயதுக்குக் குறைவானவள் என்றால் உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது.

அப்புறம், அந்த ஆள் வரப்போகும் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவள் வர வேண்டியதில்லை என்று வீட்டில் நீங்கள் சொல்லுங்கள். காரணம் கேட்டால் அவளுக்குப் பரீட்சை என்று சொல்லிக்கொள்ளலாம். அன்று அவளோடு வீட்டில் நீங்களும் இருந்துவிடுங்கள்.